கே.எல். 25 டு டி.என். 76... வழி: கோட்டைவாசல்!

சாரல் சீசனில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் அருவியைப் பார்ப்பார்கள். குளித்து முடித்து, பல் கிடுகிடுக்க வெளியே வந்து பரோட்டாக் கடையைப் பார்ப்பார்கள். தென்காசிக்காரனான எனக்கு இரண்டும் பழகிப்போச்சு. நான் பார்ப்பது நம்பர் பிளேட்!

சிரிக்காதீர்கள். ஜூலை மாசத்து ஞாயிற்றுக்கிழமை, ஐந்தருவிப் பக்கம் வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு அரைமணி நேரம் நின்று பாருங்கள். டி.என். 72 என்றால் திருநெல்வேலி. மத்தியானச் சாப்பாடு தூக்குவாளியில் வந்திருக்கும். டி.என். 69 தூத்துக்குடி. டி.என். 67 விருதுநகர். 58, 59 இரண்டும் மதுரை; வேனில் வருவார்கள், வேன் நிற்பதற்கு முன்பே பாதிப் பேர் இறங்கியிருப்பார்கள். 74 நாகர்கோவில், 75 மார்த்தாண்டம். டி.என். 09 என்றால் சென்னை, இறங்கியதும் முதல் கேள்வி, "இங்கே டவர் கிடைக்குமா?"

இவர்களுக்கு நடுவில், பாதிக்குப் பாதி, கே.எல்.! கே.எல். 01 திருவனந்தபுரம், 02 கொல்லம், 24 கொட்டாரக்கரை, 25 புனலூர். அவர்கள் ஊரிலேயே ஆறு, அருவி, மழை எல்லாம் தாராளமாக இருக்கிறது. இருந்தும் மலையைத் தாண்டி நம்ம குற்றாலத்துக்கு வருவார்கள். நாம் அங்கே போய் ஏத்தங்காய் வறுவல் வாங்கிக்கொண்டு வருகிற மாதிரி, அவர்கள் இங்கே வந்து எண்ணெய்க் குளியல் போட்டுவிட்டுப் போகிறார்கள். (அருவிக்கு அடியில் எண்ணெய், சோப்பு, ஷாம்புக்கு இப்போது தடை. தலையில் வெளியே தேய்த்து முடித்துவிட்டு, யோக்கியமாக முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே வருகிறவர்களும் உண்டு!)

கார்த்திகை பிறந்தால் இதே சாலை தலைகீழாகிவிடும். சாமியே சரணம் அய்யப்பா! டி.என்., ஏ.பி., கே.ஏ., பி.ஒய். என்று அத்தனை எழுத்தும் மாலை போட்டுக்கொண்டு மேற்கே போகும். செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் வழியாகச் சபரிமலைக்கு. ஆக, ஆனி ஆடியில் கிழக்கே வருகிற கூட்டம், கார்த்திகை மார்கழியில் மேற்கே போகிற கூட்டம். இரண்டுக்கும் ஒரே ரோடு.

எனக்கு இந்த நம்பர் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. பி.காம். முடித்துவிட்டு, எட்டு வருஷம் தென்காசியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதினேன். பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கத்திரிக்காயும் வெண்டைக்காயும் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகிற வண்டிகள். டிரைவர் முகம் மறந்தாலும் வண்டி நம்பர் மறக்காது. பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் அண்ணன் வண்டி டி.என். 76 இல்லை என்பதைத்தான் நான் முதலில் கவனித்தேன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

இப்போதிருக்கிற இந்த எழுத்து வரிசைக்கு வயசு ரொம்ப இல்லை. 1988-ல் வந்த மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் மூன்று ஆங்கில எழுத்து, பின்னால் நம்பர், அவ்வளவுதான். மெட்ராஸ் ராஜ்யத்து வண்டிகளுக்கு 'எம்'மில் ஆரம்பம். பிறகு தமிழ்நாடு ஆனதும் 'டி' வந்தது. எந்த ஊர் வண்டி என்று கண்டுபிடிக்க நல்ல ஞாபகசக்தி வேண்டும். புதிய சட்டம் வந்த பிறகு மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு இரண்டு எண் என்று ஒழுங்கு வந்தது.

நம்பர் பிளேட் படிக்கிறதில் இன்னும் சில நுணுக்கம் உண்டு. நம்ம அரசு பஸ்களில் நடுவில் 'என்' இருக்கும், டி.என். 72 என் என்றால் திருநெல்வேலிக் கோட்டத்துப் பஸ் என்று படுத்துக்கொண்டே சொல்லலாம். அரசாங்க ஜீப்பில் 'ஜி' இருக்கும். அதைப் பார்த்தால் எழுந்து உட்கார வேண்டும்! தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குள் வருகிற கேரள அரசு பஸ்களில் கே.எல். 15 என்று பார்த்துவிட்டு, "இது எந்த ஊர்?" என்று தேடாதீர்கள். அது ஊரே இல்லை. அந்தப் போக்குவரத்துக் கழகத்துக்கென்றே ஒதுக்கிய நம்பர்.

இதில் எங்கள் ஊருக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-ல். தமிழ்நாட்டின் 33-வது மாவட்டம். ஆனால் டி.என். 76 அதற்குப் பல வருஷம் முன்பே வந்துவிட்டது. கலெக்டர் ஆபீஸுக்குத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறிக்கொண்டிருந்த காலத்திலேயே எங்கள் ஸ்கூட்டர்கள் தனி மாவட்டமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. அரசாங்கம் ஸ்கூட்டரைப் பார்த்துத்தான் மாவட்டத்தைப் பிரித்ததோ என்னமோ!

இப்படி ஊரார் நம்பரையெல்லாம் படித்துக்கொண்டிருந்தவனுக்கு, சொந்தத்தில் ஒரு நம்பர் விவகாரம் வந்து சேர்ந்தது.

என் அப்பாவின் அக்கா, அத்தை, புனலூரில் இருக்கிறாள். பிறந்தது செங்கோட்டை, வாழ்க்கைப்பட்டது புனலூர். தென்காசிக்கும் புனலூருக்கும் ஐம்பது சொச்சம் கிலோமீட்டர்தான். கல்யாணமாகிப் போனது மீட்டர் கேஜ் ரயிலில். 1904-ல் கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் மலையைக் குடைந்து போட்ட லைன் அது. சீர்வரிசைப் பாத்திரமெல்லாம் அதே ரயிலில் போனதாம். குகைக்குள் ரயில் நுழையும்போது இருட்டில் யாரோ முறுக்குத் தூக்கைக் காலி பண்ணிவிட்டார்கள் என்று அத்தை ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

2010-ல் அகலப் பாதையாக மாற்றுவதற்காகப் புனலூர் – செங்கோட்டை ரயிலை நிறுத்தினார்கள். திரும்ப முழுசாக ஓடியது 2018-ல். நடுவில் எட்டு வருஷம். பிறந்த வீட்டுக்கு வர ரயில் இல்லாமல் அத்தை பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு வந்ததைப் பார்த்துத்தான் மாமா 2015-ல் ஒரு சின்னக் கார் வாங்கினார். கே.எல். 25. கூட்டுத்தொகை ஒன்பது வருகிற நம்பர். "ஒம்பது வந்தா ஒண்ணும் ஆகாது" என்பது மாமாவின் நம்பிக்கை. காருக்கு உண்மையிலேயே ஒன்றும் ஆகவில்லை. மாமாதான் போய்விட்டார்.

கருமாதி எல்லாம் முடிந்து, ஆறு மாசம் கழித்து அத்தை போன் பண்ணினாள்.

"ஏலே, கார் சும்மா கெடந்து துருப்பிடிக்கி. நீ எடுத்துட்டுப் போ. வித்துராதே. ஓட்டு."

"சரி அத்தை."

"ஓட்டுனாத்தான் அவுக இருக்க மாதிரி இருக்கும்."

நான் போய் எடுத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு ஆரம்பித்தது கூத்து.

உள்ளூரில் பால் வாங்கப் போனாலும் கே.எல். பிளேட் வண்டிக்கு மரியாதையே தனி! பெட்ரோல் பங்கில் பையன் மலையாளத்தில் பேசினான். குற்றாலத்தில் பழக்கடைக்காரர், "சேட்டா, ரம்பூட்டான் வேணோ?" என்று கூப்பிட்டு ஒரு விலை சொன்னார். "ஏன் அண்ணாச்சி, என்ன விலை இது?" என்று நான் வாயைத் திறந்ததும், "அட, நம்ம ஊரா? முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று கோபித்துக்கொண்டு கிலோவுக்கு நாற்பது ரூபாய் குறைத்தார். நாற்பது ரூபாய்க்கு என் தாய்மொழி!

வேடிக்கை மட்டும் இருந்தால் பரவாயில்லை. 2024 டிசம்பரில் கேரளாவிலிருந்து மருத்துவக் கழிவைக் கொண்டுவந்து திருநெல்வேலிக்குப் பக்கத்தில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கொட்டிய விவகாரம் ஞாபகம் இருக்கும். பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, லாரி லாரியாக அதைத் திரும்ப அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தச் சமயத்தில் ராத்திரி ஒரு கிராமத்துச் சாலையோரம் காரை நிறுத்தி டிக்கியைத் திறந்தேன். நாலு பேர் டார்ச்சோடு வந்துவிட்டார்கள். "என்ன கொட்டுதே?" டிக்கியில் இருந்தது ஸ்டெப்னி. டயர் பஞ்சர். நான் தென்காசிக்காரன் என்று சொல்லி நம்பவைப்பதற்குள் வேர்த்துவிட்டது. பிறகு அவர்களே டயர் மாற்றித் தந்தார்கள் என்பது வேறு விஷயம்.

அவர்கள் கோபம் நியாயம். ஆனால் பிறந்ததிலிருந்து நடந்த மண்ணில், முன்னால் இருக்கிற இரண்டு எழுத்துக்காக ஒருவன் அசலூரான் ஆகிவிடுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. இதே சங்கடம் அந்தப் பக்கமும் உண்டு. டி.என். நம்பர் லாரி கொல்லத்துக்குள் போனால் அது 'பாண்டி லாரி'. டிரைவர்கள் வந்து சொல்லிச் சிரிப்பார்கள். சிரிப்புக்குள் கொஞ்சம் உறைப்பு இருக்கும்.

"நம்பரை மாத்திரலாம் அத்தை" என்று போனில் சொன்னேன்.

மறுமுனையில் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மாத்தாம ஓட்ட முடியாதா?" என்றாள்.

முடியும், ஆனால் முடியாது. சட்டம் என்ன சொல்கிறதென்றால், இந்தியாவில் எந்த மாநிலத்தில் பதிவு செய்த வண்டியும் நாடு முழுக்கச் செல்லும். போகலாம், வரலாம், குளிக்கலாம். ஆனால் வண்டி இன்னொரு மாநிலத்திலேயே பன்னிரண்டு மாசத்துக்கு மேல் தங்கிவிட்டால், அந்த மாநிலத்துப் புது நம்பர் வாங்கியாக வேண்டும். 47-வது பிரிவு. அடிக்கடி மாநிலம் மாறுகிற அரசு ஊழியர்கள் போன்றவர்களுக்காக 2021-ல் 'பி.ஹெச்.' என்று பாரத் வரிசை ஒன்று கொண்டுவந்தார்கள். எனக்கும் என் அத்தைக்கும் அது பொருந்தாது. நாங்கள் மாறவில்லையே!

சரி என்று இறங்கினேன். வாசகர்களில் யாராவது வெளிமாநில வண்டி வாங்கப் போகிறீர்கள் என்றால் இந்தப் பாராவைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டிச் சொந்தக்காரர் இறந்துபோயிருந்தால் வாரிசு பெயருக்கு மாற்ற ஃபாரம் 31. வாரிசிடமிருந்து இன்னொருவருக்கு மாற்ற 29-ம் 30-ம். 'வண்டி மேல் வழக்கு இல்லை, வரி பாக்கி இல்லை, எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று பழைய மாநிலம் தருகிற என்.ஓ.சி.க்கு ஃபாரம் 28. புது மாநிலத்தில் புது நம்பர் கேட்க ஃபாரம் 27. ஆக 27, 28, 29, 30, 31... மாசக் கடைசி தேதிகள்! சம்பளக்காரன் கையில் காசு இல்லாத அதே ஐந்து நாட்கள். யார் வைத்த வரிசையோ, அனுபவஸ்தர்!

செலவும் அப்படித்தான். புது மாநிலத்தில் வண்டியின் வயசைக் கணக்குப் பண்ணி ஆயுள்கால வரி கட்ட வேண்டும். பழைய மாநிலத்தில் முன்பே கட்டின வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம். கட்டுவது உடனே, வாங்குவது பிறகு. காமர்ஸ் படித்தவனுக்கு இது புதிதில்லை. ஒருவருக்குப் பற்று, இன்னொருவருக்கு வரவு. இரண்டுக்கும் நடுவில் நிற்பவனுக்கு நடை.

நானும் என் பங்குக்கு ஒரு தப்புப் பண்ணினேன். சேஸிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்க வேண்டும். நாமே தேய்த்தால் என்ன என்று காருக்கு அடியில் புகுந்து, அரைமணி நேரம் கிரீஸில் புரண்டு, வேறு எதோ ஒரு பாகத்தின் நம்பரைத் தேய்த்துக்கொண்டு வந்தேன். கவுண்டரில் இருந்தவர் பார்த்துவிட்டுப் பொறுமையாக, "தம்பி, இது காரோட நம்பர் இல்லே. காருக்குள்ள இருக்கற ஒரு சாமானோட நம்பர்" என்றார்.

இதிலெல்லாம் நான் எதிர்பார்க்காத இடம் ஒன்று வந்தது. இப்போது எல்லாம் கம்ப்யூட்டர்தானே? விண்ணப்பம் போட்டால் வண்டியோடு இணைத்த செல்போனுக்கு ஓ.டி.பி. போகும். இணைத்திருந்தது மாமாவின் நம்பர். அவ்வளவுதான், காரியம் கெட்டது என்று நினைத்துக்கொண்டே அத்தைக்குப் போன் பண்ணினேன்.

"அத்தை, மாமா போன்..."

"இருக்கே. சார்ஜ் போட்டுத்தான் வச்சிருக்கேன். மாசாமாசம் காசு போட்டுருவேன்."

"எதுக்கு அத்தை?"

"யாராவது கூப்பிட்டா, இல்லேன்னு சொல்ல ஆள் வேண்டாமாலே?"

ஆறு இலக்கம். ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். படித்து முடித்ததும், "ரொம்ப நாள் கழிச்சு மாமாவுக்கு மெசேஜ் வந்திருக்கு" என்றாள்.

என்.ஓ.சி. வந்த அன்று அத்தை ஒரு நிபந்தனை போட்டாள். "நம்பரை மாத்துறதுக்கு முன்னாடி, அந்த நம்பர்லயே என்னை ஒருதரம் குற்றாலத்துக்குக் கூட்டிட்டுப் போ."

போனேன். காலையில் புனலூரில் கிளம்பினோம். முன்சீட்டில் அத்தை, மடியில் பலாச்சுளை டப்பா. கல்லடையாற்றுக்குக் குறுக்கே 1877-ல் கட்டிய தொங்குபாலத்தைக் காட்டி, "இதுல உங்க மாமா என்னைக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாக. ஊரே பாத்துச்சு" என்றாள். ஊர் பார்த்ததில் அவளுக்கு இன்னும் சந்தோஷம்.

ரோட்டின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொல்லத்தில் கடலோரம் ஆரம்பித்து, புனலூர், தென்மலை, ஆரியங்காவு, செங்கோட்டை, தென்காசி, கடையநல்லூர், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று வந்து மதுரைக்குப் பக்கத்தில் திருமங்கலத்தில் முடிகிற தேசிய நெடுஞ்சாலை இது. சுமார் 200 கிலோமீட்டர். ரொம்ப காலம் இதன் நம்பர் 208. 2010-ல் நாடு முழுக்க நெடுஞ்சாலைகளுக்குப் புது நம்பர் கொடுத்தபோது இது 744 ஆனது. ஏன் 744? ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை வருகிற பெரிய ரோடு 44. அதிலிருந்து திருமங்கலத்தில் பிரிகிற கிளை என்பதால் 44-க்கு முன்னால் ஒரு 7. நமக்கெல்லாம் அப்பா பெயர் இனிஷியல். ரோட்டுக்கு அப்பா பெயரே பெயர், இனிஷியல்தான் சொந்தம்! பழைய லாரி டிரைவர்கள் இன்னும் 208 என்றுதான் சொல்கிறார்கள். நம்பர் மாறியதால் ஒரு வளைவுகூடக் குறையவில்லை.

திருநெல்வேலியிலிருந்து ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகத் தென்காசிக்கு வருவது மாநில நெடுஞ்சாலை 39. மைல்கல்லின் தலையைப் பார்த்தாலே தெரியும். பச்சைத் தலை என்றால் மாநிலத்து ரோடு, மஞ்சள் தலை என்றால் மத்திய அரசு ரோடு. தென்காசியில் பச்சையும் மஞ்சளும் சந்திக்கின்றன. குழிகளில் மட்டும் இரண்டு அரசுக்கும் வித்தியாசம் தெரியாது.

தென்மலை தாண்டினால் ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் பள்ளம். கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் ரயில் பாலம். இடதும் வலதுமாகத் திருப்பித் திருப்பி ஸ்டீயரிங் பிடித்தே கை வலித்தது. பாலருவிக்குப் பிரிகிற வழி, ஆரியங்காவு ஐயப்பன் கோயில் எல்லாம் தாண்டினால் கோட்டைவாசல். கேரளா முடிகிற இடம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கை விட்டுவைத்திருக்கிற இடைவெளி இந்த ஆரியங்காவுக் கணவாய். அரபிக்கடலில் கிளம்புகிற தென்மேற்குக் காற்று இந்த வழியாகத்தான் உள்ளே புகுந்து, குற்றாலத்தில் சாரலாக விழுகிறது. 2020-ல் கொரோனாவுக்காக எல்லையில் தடுப்பு வைத்து இ-பாஸ் கேட்டபோது, மனுஷன் போக முடியாது, சரக்கு லாரி மட்டும் போகலாம் என்று இருந்தது. அந்த வருஷம் அத்தை வரவில்லை. காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பி வந்த லாரி டிரைவர் ஒருத்தரிடம் பலாப்பழம் கொடுத்துவிட்டாள். பலாப்பழம் வந்தது, சாரலும் வந்தது. அத்தைக்குத்தான் பாஸ் கிடைக்கவில்லை!

கோட்டைவாசல் தாண்டி இறக்கத்தில் புளியரை. 'எஸ்' வளைவில் எதிரே வைக்கோல் லாரி வந்தால் அப்படியே ஓரங்கட்டி நிற்க வேண்டியதுதான். கீழே பச்சைப் பசேலென்று வயல், அதற்கப்பால் தமிழ்நாடு முழுக்க விரித்துப் போட்ட மாதிரி தெரியும். இந்தப் புளியரையில்தான் நான் கணக்கு எழுதின காலத்தில் வரிச் சோதனைச்சாவடி. லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். ஒரு தாளில் ஒரு முத்திரை குறைந்தால் வெண்டைக்காய் முற்றிப்போகும். 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்தது, அந்த வரிச்சாவடிகள் போயின. அன்றைக்கு எங்கள் டிரைவர் ஒருத்தர் போன் பண்ணி, "சார், யாருமே கை காட்டலே. போகட்டுமா, நிக்கட்டுமா?" என்று கேட்டார். முப்பது வருஷம் நின்று பழகிய கால், பிரேக்கிலிருந்து எழ மாட்டேன் என்கிறது! போலீஸ், வனத்துறை, போக்குவரத்துத் துறைச் சோதனைகள் இன்றைக்கும் உண்டு. ஆனால் அந்த வரிசை இல்லை.

செங்கோட்டைக்குள் நுழைந்ததும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவள் பிறந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூர் – கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. 1956 நவம்பர் முதல் தேதி மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாக மெட்ராஸ் ராஜ்யத்துக்கு வந்தன. கூடவே செங்கோட்டை தாலுகாவும் வந்து, திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. மலையை ஒட்டிய ஒரு பகுதி மட்டும் கேரளாவிலேயே தங்கிவிட்டது. அத்தைக்கு அப்போது ஆறு வயசு.

"ராத்திரி அந்த ராஜ்யத்துல படுத்தோம். காலைல இந்த ராஜ்யத்துல எந்திரிச்சோம்" என்றாள். "என்னைக் கேட்டா நம்பர் மாத்துனாங்க? எந்த ஃபாரத்துல கையெழுத்து வாங்குனாங்க?"

என்னிடம் பதில் இல்லை. பி.காமில் இதெல்லாம் சொல்லித் தரவில்லை.

செங்கோட்டையைத் தாண்டினால் பிரானூர். தமிழ்நாடு முழுக்க 'பார்டர் பரோட்டா' என்று பெயர் வாங்கின இடம். வெளியூர்க்காரர்கள், "பார்டர் இங்கேயிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டுக்கொண்டே பரோட்டாவைப் பிய்ப்பார்கள். அந்த பார்டர், இப்போதிருக்கிற பார்டர் இல்லை. திருவிதாங்கூருக்கும் பிரிட்டிஷ் சீமைக்கும் நடுவில் இருந்த எல்லை. 1956-ல் எல்லை மலை மேல் ஏறிவிட்டது. பெயரும் பரோட்டாவும் இங்கேயே நின்றுவிட்டன.

ஐந்தருவியில் நல்ல தண்ணீர். அத்தை பெண்கள் பக்கம் போய் அரைமணி நேரம் நின்றாள். எழுபத்தைந்து வயசுக்கு அந்த அடியைத் தாங்குவாளோ என்று நான் கரையில் தவித்துக்கொண்டிருந்தேன். கூந்தலைத் துவட்டிக்கொண்டே வந்து, "தண்ணி கொறைவுதான்" என்றாள்.

வழியில் அதே பழக்கடை. கார் நம்பரைப் பார்த்ததும் கடைக்காரர் மலையாளத்தில் ஆரம்பிக்க, நான் தமிழில் சிரிக்க, "அட, நீங்களா!" என்று அசடு வழிந்தார். அத்தை இறங்கிப் போய் மங்குஸ்தானை அமுக்கிப் பார்த்து விலை கேட்டாள். ஐம்பது வருஷத்துப் புனலூர்க் காற்று அவள் பேச்சில் ஏறியிருந்தது. கடைக்காரருக்குக் குழப்பம்.

"அம்மாவுக்கு எந்த ஊரு?"

"செங்கோட்டை."

"செங்கோட்டைங்கீங்க... பேச்சு மலையாளமால்லா இருக்கு?"

அத்தை பழத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "நான் பொறந்தப்ப செங்கோட்டை அங்ஙனதான் இருந்துச்சு!"

கடைக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளூர் விலையே போட்டார்.

அடுத்த மாசம் புது நம்பர் வந்தது. டி.என். 76. வண்டி அதே வண்டி, ரோடு அதே ரோடு. யாருக்கு வரி கட்டுகிறோம் என்பதற்கு முன்னாலும் பின்னாலும் மாட்டின ரசீது, அவ்வளவுதான் என்று காமர்ஸ் மூளை சொன்னது. இருந்தாலும் பழைய பிளேட்டின் ஸ்க்ரூவைக் கழற்றும்போது கை கொஞ்சம் தயங்கியது.

சாயங்காலம் அத்தை போன்.

"கூட்டுனா எத்தனை வருது?"

"எட்டு அத்தை."

எட்டு என்றால் எங்கள் பக்கத்தில் முகம் சுளிப்பார்கள். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து, "ஒண்ணுதானே கொறையுது. சரி, போட்டும்" என்றாள். பிறகு, "பழைய பிளேட்டை எங்க போட்டே?"

"வச்சிருக்கேன்."

"வரும்போது கொண்டாந்துரு."

கொண்டுபோய்க் கொடுத்தேன். புனலூர் வீட்டில், மாமாவின் போனுக்குச் சார்ஜ் போடுகிற இடத்துக்கு மேலே, ஆணி அடித்து மாட்டச் சொன்னாள். மாட்டினேன். தள்ளி நின்று, கோணலாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

"தமிழ்நாட்டுலேருந்து திரும்ப இங்க கொண்டாந்திருக்கியே, இதுக்கு ஏதாவது ஃபாரம் குடுக்கணுமாலே?"

"வேண்டாம் அத்தை" என்றேன். "இதுக்கு இன்னும் ஃபாரம் வரலே!"